வாப்பா நட்ட மரம்

 

இம்மாதம் நமது பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, இரண்டு நாட்கள் வேறெதையும் எழுதவிடாமல் என்னைத் தடுத்துவிட்டது. தஞ்சைக் கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டாமெனக் கேட்டிருப்பதால் அவற்றை விடுத்து, செய்தியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய வாப்பா பினாங்கில் பல்லாண்டுகள் கடை வைத்திருந்தவர். 1988இல் ஊர் திரும்பிய கையோடு வீட்டு முற்றத்தில் ஒரு செம்மயிற்கொன்றைக் கன்றை நட்டார். கனிக்காகவோ பலகைக்காகவோ அன்று. அங்கே வீதிகளில் பார்த்த அந்தச் சிவப்புப் பூவைத் தம் வீட்டு வாசலிலும் பார்க்க வேண்டுமென்ற ஆசை ஒன்றே காரணம். 2007இல் அவர் மவ்த்தானார். மரம் வளர்ந்து முற்றத்தையும் மாடியையும் மூடி நிற்கிறது. உம்மா அஸருக்குப் பின் தஸ்பீஹுடன் அமர்வது அதன் நிழலில்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அதன் பெருங்கிளை ஒன்றை முறித்துப் போட்டது. முறிந்த இடம் ஆறவில்லை. இன்று அது பொந்தாகியிருக்கிறது. 2021இல் கழிவுநீர்த் தொட்டிக்கென மரத்திலிருந்து மூன்றடி தள்ளிக் குழி எடுத்தபோது, மனிதர் தொடை அளவிலான வேர்கள் இரண்டை வெட்டியிருக்கிறார்கள். சென்ற மழைக்குப் பின் அடிமரத்தில், குழி எடுத்த பக்கமாக, தோசைக்கல் அளவில் பழுப்பு நிறக் காளான் தட்டுத் தட்டாக வந்திருக்கிறது. மரம் இப்போது கிழக்கே சாய்கிறது. கிழக்கே இருப்பது அண்டை வீட்டாரின் ஓட்டு வீடு. மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பம். அவ்வீட்டு மகள் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். தூளி கட்டியிருப்பது மரம் சாய்ந்துள்ள பக்கத்து அறையில்.

"அந்த வீட்டு அம்மாள் இரண்டு முறை வந்து பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் முறை வரவில்லை. காற்றடிக்கும் இரவுகளில் தூளியை அவிழ்த்துக்கொண்டுபோய் அடுப்பங்கரையில் கட்டுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார் சகோதரி.

துபாயிலிருக்கும் கணவர் வெட்டிவிடச் சொல்கிறார். காக்கா, வாப்பாவின் நினைவைத் தொடாதே என்கிறார். உம்மாவோ பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மரத்தை வெட்டுவது பாவம், ஹதீஸிலேயே எச்சரிக்கை இருக்கிறது என்று உறவினர் ஒருவர் அச்சுறுத்தியிருக்கிறார். உம்மாவை ஒரு வாரம் நாகூருக்கு அனுப்பிவிட்டு, திரும்புவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று இன்னொருவர் யோசனை சொல்லியிருக்கிறார். "நான் என்ன செய்ய வேண்டும்?" என்பது கடிதத்தின் கடைசி வரி.

முதலில் பாவம் என்ற அச்சத்தைப் பார்ப்போம். மரம் நடுவதை நம் மார்க்கம் எவ்வளவு உயர்த்திப் பேசுகிறது என்பதைப் பலரும் அறிவோம். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. உறவினர் சுட்டிய எச்சரிக்கையும் உண்மையே. இலந்தை மரத்தை வெட்டுவோரைக் கடுமையாக எச்சரிக்கும் அந்நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. ஆனால் அதைப் பதிவுசெய்த இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே அதன் பொருளையும் விளக்கியிருக்கிறார்கள். பாலைவெளியில் வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழலுக்கு ஒதுங்கும் இலந்தையை, எவ்வித உரிமையுமின்றி, வீணாகவும் அநியாயமாகவும் வெட்டுகிறவனைப் பற்றியது அது என்பது அவர்களின் விளக்கம். அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. இலந்தையை வெட்டலாமா என்று ஹிஷாம் இப்னு உர்வா (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் தந்தை உர்வா அவர்களின் வீட்டுக் கதவுகளைக் காட்டி, இவை அவர் தம் நிலத்து இலந்தையை வெட்டிச் செய்தவையே என்றார்களாம். பாதி ஹதீஸைச் சொல்லி அச்சுறுத்துவோர் இந்தக் கதவுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

மறுபக்கம், மக்களுக்குத் தொல்லையாக வழியில் நின்ற மரமொன்றை வெட்டி அகற்றியதன் காரணமாகவே ஒரு மனிதர் சுவனத்தில் உலவக் கண்டதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி முஸ்லிமில் உள்ளது. ஸமுரா (ரலி) அவர்களின் பேரீச்ச மரம் பற்றிய செய்தியும் நினைவுக்கு வருகிறது. அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஸமுராவுக்கு மரங்கள் இருந்தன. அவர் அங்கு வந்து போவது தோட்டக்காரரின் குடும்பத்துக்கு இடைஞ்சலாயிற்று. விற்றுவிடச் சொன்னார்கள், மறுத்தார். மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தார். அன்பளிப்பாகக் கொடுத்து நன்மையைப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள், அதற்கும் மறுத்தார். முடிவில், அந்த மரத்தைப் பிடுங்கிவிடுமாறு தோட்டக்காரருக்கு நபியவர்கள் உத்தரவிட்டதாக அபூதாவூதில் காணப்படுகிறது. மரம் ஸமுராவுடையதுதான். அதில் ஐயமே எழவில்லை. ஆயினும் பிறருக்குத் தீங்கிழைக்கும் அளவுக்கு அந்த உரிமை நீளவில்லை.

இதற்கும் எல்லை உண்டு. அண்டை வீட்டார் சொல்வதற்கெல்லாம் மரத்தை வெட்டிவிட வேண்டியதில்லை. உதுமானியப் பேரரசில் 19ஆம் நூற்றாண்டில் ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட 'மஜல்லா' எனும் சட்டநூலில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஒருவர் தோட்டத்து மரக்கிளை அண்டை வீட்டுக்குள் நீண்டால், அதை இழுத்துக் கட்டவோ வெட்டவோ அண்டை வீட்டார் கோரலாம்; ஆனால் மர நிழல் தம் தோட்டத்துச் செடிகளுக்குக் கெடுதல் என்று சொல்லி மரத்தையே வெட்டக் கோர முடியாது. இலை உதிர்கிறது, பூ கொட்டிக் கூடை கூடையாகக் குப்பை சேர்கிறது, காகம் எச்சமிடுகிறது என்பவையெல்லாம் பெருக்கித் தள்ள வேண்டிய சங்கடங்கள். அவற்றுக்காக ஒரு மரத்தைச் சாய்ப்பதை நான் ஒப்பமாட்டேன். உயிருக்கு ஆபத்து என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், நல்ல மரங்கள் வெட்டப்படுகின்றன. வெட்ட வேண்டிய மரங்கள் நிற்கின்றன.

இனி மரத்துக்கு வருவோம். செம்மயிற்கொன்றை, குல்மொஹர் என்றும் அழைக்கப்படுவது, மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. (பெயரிலுள்ள 'குல்', பாரசீகத்தில் மலரைக் குறிக்கும்.) விரைந்து வளரும், குடைபோல் அகலப் படரும். அதன் அழகே அதற்குப் பலவீனமும் ஆகும். விரைந்து வளர்வதால் மரத்தில் வைரம் பாயாது. கிளைகள் எளிதில் ஒடியும். வேர்கள் ஆழப்போகாமல் மேலாகவே பரவும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, வீதிகளில் வேரோடு கிடந்த மரங்களில் இந்த இனமும், மஞ்சள் பூப் பூக்கும் இயல்வாகையும் மிகுதியாக இருந்ததைக் கண்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நம் வேம்பும்கூட, சுற்றிலும் சிமெண்டு போட்டு வேரை வெட்டிய இடங்களில் விழுந்ததுண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"இந்த ஆண்டு என்றுமில்லாத அளவுக்குப் பூத்தது, அதற்கா நோய் என்கிறாய் என்று உம்மா கேட்கிறார்கள்" என்று சகோதரி எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. இதற்கு விடை மரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நீரை மேலே ஏற்றுவது பட்டையை ஒட்டிய வெளிச்சுற்று. நடுவிலுள்ள கட்டை மரத்தைத் தாங்கி நிற்க மட்டுமே பயன்படுவது. காளானும் கறையானும் நடுக்கட்டையைத் தின்றுவிட்டாலும், வெளிச்சுற்று உயிரோடிருக்கும் வரை மரம் தளிர்க்கும், பூக்கும். ஆகவே பசுமையைப் பார்த்து மரத்தின் பலத்தைக் கணக்கிட முடியாது. அடியைத்தான் பார்க்க வேண்டும்.

பொந்து இருப்பதனாலேயே மரம் முடிந்துவிட்டதென்றும் எண்ண வேண்டாம். உள்ளே குடைந்துபோய் நூறாண்டு நின்ற புளியமரங்கள் உண்டு. கெட்டியான சுற்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி. நடுவிலிருந்து பட்டை வரையுள்ள அளவில் மூன்றில் ஒரு பங்கேனும் நல்ல கட்டையாக இருக்க வேண்டும் என்பது மரங்களை ஆய்வோர் கைக்கொள்ளும் ஒரு குத்துமதிப்பான கணக்கு. இரண்டடி விட்டமுள்ள அடிமரமாயின், சுற்றிலும் நான்கு அங்குலமாவது கெட்டியாக இருக்க வேண்டும். மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடமும் கூடான இடமும் ஒலியிலேயே தெரியும். பொந்துக்குள் மெல்லிய இரும்புக் கம்பியைச் செருகினால் எவ்வளவு தூரம் தடையின்றிப் போகிறது என்பதும் தெரிந்துவிடும். இத்தகைய பொந்துகளைச் சிமெண்டால் அடைப்பது முன்பு வழக்கம். அதனால் மரத்துக்குப் பலம் கூடுவதில்லை. ஈரம் உள்ளேயே தங்கி அழுகல் மிகுவதே பெரும்பாலும் நடப்பது.

சாய்வும் அப்படித்தான். இளமையிலேயே வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்து, பிறகு நுனி நிமிர்ந்து வளர்ந்த மரம் அச்சத்துக்குரியதன்று. நேராக நின்ற மரம் அண்மையில் சாயத் தொடங்கினால், சாய்வுக்கு எதிர்ப்பக்கத்துத் தரை வெடித்தோ மேடிட்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேடிட்டிருந்தால், வேர்த்தட்டே பெயரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்கு மருந்தில்லை.

சகோதரியின் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கச் செய்தது பொந்துமன்று, சாய்வுமன்று. மூன்றடியில் வெட்டப்பட்ட வேரும், அதே பக்கத்தில் முளைத்த காளானும்தான். அடிமரத்தின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தொலைவுக்குள் பெருவேரை வெட்டினால் மரத்தின் பிடிமானமே குறைந்துவிடும் என்பார்கள். இங்கோ இரண்டடி மரத்துக்கு மூன்றடியில் குழி! மண்ணுக்குள் இருக்கும் வெட்டுக்காயம் வழியே அழுகல் ஏறுகிறது. அடிமரத்தில் தட்டுக்காளான் வெளியே தெரிகிறதென்றால், அதன் இழைகள் உள்ளே பரவிப் பல காலம் ஆகிவிட்டது என்றே கொள்ள வேண்டும். காளானைச் சீவி எறிவதால் பயனில்லை. மேலும் வெட்டுப்பட்ட வேர்கள் மேற்குப் பக்கத்தவை. மரம் சாய்வதோ கிழக்கே. பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்ததற்கு ஒப்பானது இது.

மொட்டையடித்துவிட்டால் போதாதா என்ற கேள்வியும் கடிதத்தில் உள்ளது. நம் ஊர்களில் இதுதான் எளிதில் கிடைக்கும் யோசனை. தலையை வெட்டிய மரம் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கிளைகளை விடும். அவை பட்டைக்கு அடியிலிருந்து கிளம்புபவை. மரத்தோடு ஆழப் பொருந்தியவை அல்ல. சில ஆண்டுகளில் கனத்து, முன்னிருந்த கிளைகளைவிட எளிதில் முறியும். அடி நன்றாயிருந்து, மேலே ஒரு கிளை மட்டும் பழுதென்றால், அந்தக் கிளையை அது புறப்படும் கழுத்துக்கு வெளியே அளவாக அறுத்துவிட்டு மரத்தைக் காப்பாற்றலாம். ஒரே தடவையில் கால்வாசித் தழைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆனால் இங்கே நோய் அடியில். நுனியை வெட்டினால் பாரம் சற்றுக் குறையும், நாட்கள் சற்றுக் கிடைக்கும். வேர் திரும்பி வராது.

நான் அந்த மரத்தை நேரில் கண்டவனல்லன். வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ வனத்துறையினரையோ அழைத்து ஒரு முறை காட்டிவிடுங்கள். ஆயினும் கேட்டதற்கு மழுப்பாமல் சொல்வதென்றால், அந்த மரம் இந்த ஐப்பசிக்கு முன் அகற்றப்பட வேண்டியது என்பதே என் கருத்து. இதே மரம் ஒரு திறந்த வெளியில், யாரும் உறங்காத இடத்தில் நின்றிருந்தால், வேலி கட்டிவிட்டு அது தானாக விழும் நாள் வரை விட்டுவையுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். கீழே தூளி இருக்கிறது. காக்காவுக்கும் உம்மாவுக்கும் அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு. தூளியிலுள்ள குழந்தைக்குச் சொல்ல வாயில்லை. அண்டை வீட்டார் நம் சமயத்தவரல்லர் என்பதும் இதில் எதையும் மாற்றாது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டதை நாம் மீலாது மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். விழுந்து பிறருக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக உள்ளது. அந்த அம்மாள் இவ்வளவு நாளும் அந்தப் படியை ஏறவில்லை என்பதை உங்கள் காக்காவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி உம்மா. நாகூருக்கு அனுப்பிவிட்டு வெட்டும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். திரும்பி வந்து வெறும் முற்றத்தைக் காணும் ஒரு விதவைத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவரை இழந்த துயரோடு பிள்ளைகள் தம்மை ஏய்த்துவிட்டார்கள் என்ற துயரும் சேரும். மரம் போனதை அவர்கள் மன்னிக்கக்கூடும். இதை மன்னிப்பது அரிது. மாறாக, ஒரு மாலையில் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் அந்தக் காளானைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடிமரத்தைத் தட்டிக் காட்டுங்கள். காற்றடிக்கும் ஓர் இரவில் அண்டை வீட்டுக்கு இருவரும் போய் வாருங்கள். அடுப்பங்கரையில் தூளி ஆடுவதை உம்மா தம் கண்ணால் பார்க்கட்டும். பிள்ளை பெற்றவர்கள், அதற்குமேல் நீங்கள் பேச வேண்டியிராது. அழுதால் அழவிடுங்கள். பள்ளிவாசலில் நபியவர்கள் சாய்ந்து நின்று உரையாற்றிய பேரீச்சந்தண்டு, மிம்பர் வந்தபின் பிரிவாற்றாமல் அழுததையும், அவர்கள் இறங்கிவந்து அதை அணைத்து ஆறுதல்படுத்தியதையும் ஹதீஸ் நூல்கள் பதிந்திருக்கின்றன. மரத்தைப் பிரிய மனம் நோவது இழுக்கன்று.

வெட்டும் வேலையை விறகுக்காரரிடம் குத்தகைக்கு விட்டுவிடாதீர்கள். அடியில் அழுகிய மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்க முற்பட்டால் எந்தப் பக்கம் விழுமென்று யாராலும் சொல்ல இயலாது. உச்சியிலிருந்து கிளை கிளையாக வடக்கயிற்றில் கட்டி இறக்கத் தெரிந்தவர்களை அழையுங்கள். கூலி இருமடங்கானாலும் தகும். பெருங்கிளைகளை முதலில் அடிப்பக்கம் சிறிது அறுத்து, பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையேல் பட்டை கிழிந்து கிளை அறுப்பவர் மீதே வரும். மின்கம்பி அருகிலிருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பின்னரே தொட வேண்டும். அன்று அண்டை வீட்டார் அனைவரையும் உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள், குழந்தையோடு. முன்தினம் மரத்தில் கூடுகள் உள்ளனவா என்று பாருங்கள். குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்த பறவைக்காக நபியவர்கள் வருந்தி, அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்ன சம்பவம் நாம் அறிந்ததே. குஞ்சுகள் இருந்தால், அவை பறக்கும் வரை அந்தக் கிளையையாவது விட்டுவைக்கலாம். அவ்வளவு நாள் மழை பொறுக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கறையான் அங்கிருந்து உங்கள் நிலைக்கதவுக்கு வந்து சேரும். அந்த இடத்திலேயே மறுபடி பெருமரம் நட வேண்டாம். கழிவுநீர்த் தொட்டி அங்கேதான் இருக்கப் போகிறது. தொட்டியிலிருந்து எட்டிய மேற்கு மூலையில் ஒரு மாதுளையோ பவழமல்லியோ வையுங்கள். உம்மாவுக்கு உட்கார நிழல் வேண்டுமென்றால், இடம் போதுமாயின், உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசு அல்லது புன்னை பொருத்தமாக இருக்கும்; சுவரிலிருந்து பதினைந்தடியாவது தள்ளி நடுங்கள்.

ஒன்று மீதமிருக்கிறது. செம்மயிற்கொன்றையின் காய்கள் முழநீளம் இருக்கும். முற்றிக் கறுத்து மரத்திலேயே மாதக்கணக்கில் தொங்கும். வெட்டுமுன் நான்கைந்து காய்களைப் பறித்து உம்மாவிடம் கொடுங்கள். விதையின் தோல் மிகக் கடினம். கொதித்து இறக்கிய நீரை விதைகளின் மேல் ஊற்றி, அதிலேயே ஓரிரவு ஊறவிட்டு, ஊதிப் பெருத்தவற்றை மட்டும் எடுத்து மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் சில நாட்களில் முளைக்கும். ஊரில் மதரஸா மைதானமோ குளக்கரையோ போன்ற அகன்ற வெளி இருக்குமாயின், உரியவர்களிடம் அனுமதி பெற்று, வீடும் மின்கம்பியும் இல்லாத பக்கமாக, உம்மாவின் கையால் ஒரு கன்றை நடச் செய்யுங்கள். நடும்போது வேரைச் சுற்றிச் சிமெண்டு போட யாரையும் விடாதீர்கள். சில ஆண்டுகளில் பூக்கும், இன்ஷா அல்லாஹ்.